பொழுதுபோக்குத் தளங்களில் இணைப்புத் தரகு

இணைப்புத் தரகு அல்லது அஃபிலியேட் சந்தைப்படுத்தல் என்பது, ஓர் இணையத்தளம் தன் வாசகரை வேறொரு வணிகரின் விற்பனைப் பக்கத்துக்கு அனுப்பி, அவ்வாசகர் அங்கே பொருள் வாங்கினால் அவ்விற்பனைத் தொகையில் ஒரு பங்கைத் தரகாகப் பெறும் வணிக முறை ஆகும். செய்தித்தாள்கள், விலை ஒப்பீட்டுத் தளங்கள், தள்ளுபடிச் சீட்டுத் தளங்கள் எனப் பலவும் இம்முறையைப் பயன்படுத்துகின்றன. எனினும் வண்ணமீன் வளர்ப்பு, பறவை நோக்கல், மைப்பேனா சேகரிப்பு, வானியல் நோக்கு, மாதிரித் தொடருந்து அமைத்தல் போன்ற ஏதேனும் ஒரு குறுகிய துறையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதும் தனிநபர் தளங்களுக்கு இது முதன்மையான வருமான வழிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

இம்முறையில் தளத்தை நடத்துபவர் பொருள்களை இருப்பு வைக்கவோ, பொதி செய்து அனுப்பவோ, பணம் வசூலிக்கவோ வேண்டியதில்லை. தொடங்குவதற்குப் பெரிய முதலும் தேவையில்லை. ஆனால் தரகு வீதம், தரகு செல்லுபடியாகும் காலம், வாசகரைக் கொண்டுவரும் தேடுபொறி ஆகிய மூன்றும் பிறர் கையில் உள்ளன. தளத்தை நடத்துபவரின் கையில் இருப்பது வாசகர் அவர்மீது கொள்ளும் நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கையே வருமானத்துக்கு அடிப்படையாகவும், வருமான ஆசையால் முதலில் கெடக்கூடியதாகவும் இருப்பது இம்முறையின் தனித்தன்மை எனலாம். இக்கட்டுரையில் வண்ணமீன் வளர்ப்பு பற்றிய தளம் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

ஆள் சேர்த்துவிட்டுத் தரகு பெறும் வழக்கம் வணிகத்தில் மிகப் பழமையானது. இணையத்துக்கு அது 1990களின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் பூக்களையும் பரிசுப் பொருள்களையும் விற்ற பிசி ஃபிளவர்ஸ் அண்ட் கிஃப்ட்ஸ் நிறுவனம், 1989 இல் புரோடிஜி என்னும் கணினி வலையமைப்பில் தன் விற்பனையைத் தொடங்கியது. அதன் நிறுவனர் வில்லியம் டோபின், பிற தளங்கள் வழியாக விற்றுத் தரகு கொடுக்கும் முறைக்கு 1996 இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, 2000 அக்டோபரில் அதனைப் பெற்றார்.

இசைத் தட்டுகளை விற்ற சிடிநவ் நிறுவனம் 1994 நவம்பரில் பைவெப் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இசை பற்றி எழுதும் தளங்கள் தாம் குறிப்பிடும் இசைத் தட்டுக்கு நேரடியாக இணைப்புக் கொடுத்து, வாசகர் வாங்கினால் தரகு பெறலாம் என்பது இதன் அடிப்படை. 1996 சூலையில் அமேசான் நிறுவனம் அசோசியேட்ஸ் என்னும் தன் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அந்நிறுவனம் புத்தகங்களை மட்டுமே விற்றுவந்தது. ஒரு துறையை நன்கறிந்தவர் அத்துறைப் புத்தகங்களைப் பற்றித் தன் தளத்தில் எழுதி இணைப்புக் கொடுப்பது அத்திட்டத்தின் தொடக்ககால வடிவமாகும். குறுந்துறைத் தளங்களின் இன்றைய வடிவம் இதிலிருந்தே வளர்ந்தது.

வணிகருக்கும் தளங்களுக்கும் இடையே நின்று விற்பனையைக் கணக்கிட்டுப் பணம் பகிர்ந்தளிக்கும் இடைநிலை நிறுவனங்களும் இதே காலத்தில் தோன்றின. லிங்க்சேர் 1996 இலும், கமிஷன் ஜங்ஷன் 1998 இலும் தொடங்கப்பட்டன. லிங்க்சேரை 2005 இல் சப்பானின் ராக்குட்டன் நிறுவனம் 42.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

இயங்கும் முறை

இணைப்புத் தரகில் நான்கு தரப்பினர் உள்ளனர்: வணிகர், தளத்தை நடத்துபவர், வாசகர், கணக்கு வைக்கும் இடைநிலை அமைப்பு. அமேசான் போன்ற பெரிய வணிகர்கள் கணக்கு வைக்கும் பணியைத் தாமே செய்துகொள்கின்றனர். ஒரு விற்பனை பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. தளத்தை நடத்துபவர் வணிகரின் திட்டத்தில் பதிவு செய்து, தனக்குரிய அடையாளக் குறியைப் பெறுகிறார்.
2. அக்குறி சேர்க்கப்பட்ட இணைப்பைத் தன் கட்டுரையில் உரிய பொருளின் பெயரோடு இடுகிறார்.
3. வாசகர் அந்த இணைப்பைச் சொடுக்கும்போது, அவரது உலாவியில் குக்கி அல்லது நினைவி எனப்படும் சிறு பதிவு சேமிக்கப்படுகிறது. எந்தத் தளத்திலிருந்து, எப்போது வந்தார் என்பது இதனால் அறியப்படும்.
4. குறிப்பிட்ட காலத்துக்குள் வாசகர் பொருளை வாங்கினால், அவ்விற்பனை தளத்தின் கணக்கில் பதிவாகிறது.
5. பொருள் திருப்பி அனுப்பப்படாமல் இருப்பதை உறுதி செய்ய வணிகர் சில வாரங்கள் காத்திருந்து, பின்னர் தரகை வழங்குகிறார். அமேசானின் அமெரிக்கத் திட்டத்தில் ஒரு மாதத்தின் தரகு, அம்மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்கள் கழித்தே கிடைக்கும்.

குக்கி செல்லுபடியாகும் காலம் வணிகருக்கு வணிகர் மாறுபடும். சில வணிகர்கள் 30 நாள்கள் அல்லது அதற்கு மேலும் கொடுக்கின்றனர். அமேசானில் இக்காலம் 24 மணிநேரம் ஆகும். அதற்குள் வாசகர் பொருளைத் தன் வாங்குகூடையில் இட்டுவிட்டால் மட்டும், பின்னர் வாங்கினாலும் தரகு கிடைக்க வாய்ப்புண்டு. மறுபுறம், அந்த 24 மணிநேரத்துக்குள் வாசகர் வாங்கும் தொடர்பற்ற பொருள்களுக்கும் பெரும்பாலும் தரகு உண்டு. மீன்தொட்டி வடிகட்டியைப் பார்க்கச் சென்றவர் காலணி வாங்கித் திரும்பினாலும் அது கணக்கில் சேரும்.

தரகு வழங்கும் முறைகள் மூன்று வகைப்படும். விற்பனைத் தொகையில் விழுக்காடாக வழங்குவது மிகப் பரவலானது. பதிவு செய்தல், மாதிரி கேட்டல் போன்ற செயலுக்கு நிலையான தொகை வழங்குவது இரண்டாம் வகை. சொடுக்குக்குப் பணம் வழங்குவது மூன்றாம் வகை. எளிதில் ஏமாற்றத்துக்கு இடந்தருவதால் மூன்றாம் வகை இன்று அரிதாகவே காணப்படுகிறது.

குறுந்துறைத் தளங்களின் இயல்பு

பொதுவான பொருள்களைப் பற்றி எழுதும் தளத்துக்கு வருபவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கலாம். "60 லிட்டர் தொட்டிக்கு எந்த வடிகட்டி போதும்" என்று தேடி வருபவர் பெரும்பாலும் வாங்கும் நோக்கத்தோடு வருகிறார். எனவே குறுந்துறைத் தளத்தில் வருகை குறைவாக இருந்தாலும், வருவோரில் வாங்குவோரின் பங்கு கூடுதலாக இருக்கும். அத்துடன் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் ஒருமுறை வாங்குவதோடு நிற்பதில்லை. வடிகட்டிப் பஞ்சு, நீர்ச் சோதனைக் கரைசல், தீவனம் ஆகியவை தீரத் தீர வாங்க வேண்டியவை.

எல்லாப் பொழுதுபோக்கும் இம்முறைக்கு ஒத்துவருவதில்லை. வண்ணமீன் வளர்ப்பையே எடுத்துக்கொண்டால், அதில் மிகுந்த செலவு பிடிக்கும் பொருள்களில் ஒன்று தொட்டி. கண்ணாடித் தொட்டி உடையக்கூடியது, பருமன் மிக்கது. ஆதலால் பலர் அதை அருகிலுள்ள கடையிலேயே வாங்குகின்றனர். மீன்களையும் நேரில் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். எனவே இத்துறைத் தளத்துக்குத் தரகு தருவன வடிகட்டி, விளக்கு, சூடேற்றி, சோதனைக் கரைசல், தீவனம், புத்தகம் போன்ற சிறு பொருள்களே. நாணயம் சேகரித்தல் போன்ற துறைகளில் விற்கப்படும் பொருள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையதால், நிலையான இணைப்புக் கொடுப்பது அரிது. அங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, சேமிப்பு ஏடு, விலைப்பட்டியல் நூல் ஆகியவற்றுக்கே இணைப்புத் தரலாம்.

இத்தகைய தளங்களில் காணப்படும் கட்டுரைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

* அறிமுகக் கட்டுரைகள்: தொட்டியை அமைப்பது எப்படி, நீர் மாற்றுவது எப்படி போன்றவை. இவை வாசகரைக் கொண்டுவரும். நேரடி வருமானம் குறைவு.
* பொருள் மதிப்பீடுகள்: ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுபவை.
* ஒப்பீட்டுக் கட்டுரைகள்: பல பொருள்களை அளவு, விலை, நீடித்த உழைப்பு ஆகியவற்றால் ஒப்பிடுபவை. தரகில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வருவது வழக்கம்.

மூன்றாம் வகையை மட்டும் எழுதும் தளம் விரைவாக வருமானம் தருவதுபோல் தோன்றினாலும், அறிமுகக் கட்டுரைகள் இல்லாத இடத்தில் வாசகர் நிலைப்பதில்லை.

வருமானக் கணக்கு

மொத்த விற்பனை நான்கு எண்களின் பெருக்குத்தொகை ஆகும்: வருகையாளர் எண்ணிக்கை, சொடுக்குவோர் விகிதம், வாங்குவோர் விகிதம், சராசரி விற்பனைத் தொகை. இத்தொகையோடு தரகு வீதத்தைப் பெருக்கினால் வருமானம் கிடைக்கும். கணக்கின் போக்கை விளக்க மட்டுமே பின்வரும் கற்பனை எண்கள் தரப்படுகின்றன.

ஒரு தளத்துக்கு மாதம் 10,000 பேர் வருவதாகக் கொள்வோம். அவர்களில் நூற்றுக்கு 8 பேர் இணைப்பைச் சொடுக்கினால் 800 பேர். அவர்களில் நூற்றுக்கு 5 பேர் வாங்கினால் 40 விற்பனை. ஒவ்வொன்றும் சராசரியாக 60 டாலர் எனில் மொத்த விற்பனை 2,400 டாலர். தரகு வீதம் 8 விழுக்காடு எனில் வருமானம் 192 டாலர். 3 விழுக்காடு எனில் 72 டாலர்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, பத்தாயிரம் வாசகர் என்பது தனிநபர் தளத்துக்குச் சிறிய எண்ணிக்கை அன்று. ஆயினும் அதனால் வரும் தொகை ஒரு குடும்பத்தின் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. பெரும்பாலான பொழுதுபோக்குத் தளங்களில் தரகு வருமானம் வழங்கிக் கட்டணத்தையும் பொழுதுபோக்கின் செலவையும் ஈடுசெய்யும் அளவிலேயே நிற்பதன் காரணம் இதுவே. இரண்டாவது, வாசகரும் உழைப்பும் மாறாமல் இருக்கையில் வீதம் ஒன்று மட்டும் மாறினால் வருமானம் பாதிக்கும் கீழாகக் குறையக்கூடும்.

வழங்கி, தளப்பெயர், மதிப்பிடுவதற்காக வாங்கும் பொருள்கள் ஆகியவற்றின் செலவு இவ்வருமானத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். தரகு வருமானம் பல நாடுகளில் வருமான வரிக்கு உட்பட்டது. அமெரிக்கர் அல்லாதோர் அமெரிக்க நிறுவனங்களின் திட்டங்களில் சேரும்போது வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

நலமுரண்

வாசகருக்கு நன்மை தருவதும் எழுதுபவருக்கு வருமானம் தருவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வண்ணமீன் வளர்ப்பில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு.

புதிய தொட்டியில் மீன்களை உடனே விடுவது தவறு. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு ஆகும். அதனை முதலில் நைத்திரைட்டாகவும், பின்னர் நச்சுத்தன்மை குறைந்த நைத்திரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இதனை அறியாமல் தொட்டி வாங்கிய அன்றே மீன்களையும் வாங்கும் தொடக்கநிலையாளர், சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறப்பதைக் கண்டு இப்பொழுதுபோக்கையே கைவிடுவதுண்டு.

நேர்மையான கட்டுரை இவ்விடத்தில் வாசகரிடம் கூற வேண்டியது "ஒரு மாதம் பொறுங்கள்" என்பதே. ஆனால் குக்கியின் ஆயுள் 24 மணிநேரம். ஒரு மாதம் கழித்து வாசகர் தீவனமும் பிற பொருள்களும் வாங்கும்போது அவரை நெறிப்படுத்திய கட்டுரைக்குத் தரகு எதுவும் கிடைக்காது. "இன்றே வாங்க வேண்டிய பத்துப் பொருள்கள்" என்று எழுதும் தளத்துக்கோ அன்றே தரகு கிடைத்துவிடும். அதாவது, கணக்கிடும் முறையே பொறுமையான அறிவுரையைவிட அவசர விற்பனைக்குப் பரிசளிக்கும் வகையில் அமைந்துள்ளது.

இதே முரண் வேறு வடிவங்களிலும் தோன்றும்.

* விலை கூடிய பொருளுக்குத் தரகு கூடுதல் என்பதால், போதுமான மலிவுப் பொருள் இருக்கையில் விலை கூடியதைப் பரிந்துரைத்தல்.
* தரகு வழங்காத சிறு வணிகரின் நல்ல பொருளைப் பட்டியலில் சேர்க்காமல் விடுதல்.
* பயன்படுத்திப் பாராத பொருளை, வணிகரின் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு, பயன்படுத்தியதுபோல் எழுதுதல்.
* குறைகளைச் சொன்னால் வாசகர் வாங்கமாட்டார் என அஞ்சி அவற்றை மறைத்தல்.

இவற்றுக்கு மாறாக, எதை வாங்க வேண்டாம் என்பதையும் எழுதும் தளங்களே நெடுங்காலம் வாசகரைத் தக்கவைக்கின்றன என்பது பரவலான கருத்து. மீன் இறந்தவர் அத்தளத்துக்கு மீண்டும் வருவதில்லை. மீன் பிழைத்தவர் அடுத்த வடிகட்டிக்கு அங்கேயே வருகிறார். தங்கமீனுக்குச் சிறு கண்ணாடிக் கோப்பை பொருந்தாது என்று எழுதுவது ஒரு விற்பனையை இழக்கச் செய்யும். ஆனால் அடுத்துச் சொல்லப்போவதை வாசகர் நம்புவதற்கு அதுவே காரணமாகிறது.

வெளிப்படுத்தல் விதிகள்

இந்த நலமுரண் காரணமாக, தரகு பெறுவதை வாசகருக்கு அறிவிக்க வேண்டும் எனப் பல நாடுகள் விதித்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பரிந்துரை விளம்பரங்கள் பற்றிய தன் வழிகாட்டுதல்களை 2009 இல் திருத்தி, இணையத்தில் எழுதுவோரையும் அவற்றுள் கொண்டுவந்தது. 2023 இல் அவை மீண்டும் திருத்தப்பட்டன. அறிவிப்பு தெளிவாகவும் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும் என அவை வலியுறுத்துகின்றன. பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இடுவதோ, வேறொரு பக்கத்துக்கு இணைப்பு மட்டும் கொடுப்பதோ போதாது.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்கள் 2022 சூனில் வெளியிடப்பட்டன. பரிந்துரைப்பவருக்கும் வணிகருக்கும் இடையே பொருள்சார்ந்த தொடர்பு இருப்பின் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்பது இவற்றின் சாரம். சமூக ஊடகங்களில் பரிந்துரைப்போருக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2023 சனவரியில் தனி விளக்கக் கையேட்டையும் வெளியிட்டது.

வணிகர்களின் ஒப்பந்தங்களும் இதனைக் கோருகின்றன. அமேசானின் ஒப்பந்தப்படி, தரகு பெறுவதைத் தளத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தன் இணைப்பு வழியாகத் தானே வாங்கித் தரகு பெறக்கூடாது. பதிவு செய்து 180 நாள்களுக்குள் மூன்று விற்பனையாவது நிகழாவிட்டால் கணக்கு மூடப்படும். தேடுபொறிகளும் விலைக்கான இணைப்புகளை வேறுபடுத்திக் காட்டக் கேட்கின்றன. இதற்கென நோஃபாலோ என்னும் குறியீடு 2005 இலும், ஸ்பான்சர்டு என்னும் குறியீடு 2019 இலும் கூகுளால் அறிமுகப்படுத்தப்பட்டன.

வருமானத்தின் நிலையின்மை

தரகு வீத மாற்றம்

வீதத்தை வணிகர் ஒருதலையாக மாற்ற முடியும். அமேசான் தொடக்கத்தில் விற்பனை எண்ணிக்கை கூடக்கூட வீதமும் கூடும் முறையைக் கையாண்டது. 2017 மார்ச்சில் அதனைக் கைவிட்டு, பொருள்வகைக்கு ஒரு நிலையான வீதம் என மாற்றியது. 2020 ஏப்ரலில் பல வகைகளின் வீதங்கள் பெருமளவு குறைக்கப்பட்டன. வீட்டுப் பொருள்கள், தோட்டப் பொருள்கள், வளர்ப்பு விலங்குப் பொருள்கள் ஆகியவற்றின் வீதம் 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகவும், மளிகைப் பொருள்களின் வீதம் 5 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகவும் குறைந்தது. மேலே தரப்பட்ட கணக்கில் 192 டாலர் 72 டாலராகக் குறைந்தது இம்மாற்றத்தின் அளவையே காட்டுகிறது. கோவிட்-19 பெருந்தொற்றால் மக்கள் வீட்டில் அடைபட்டு இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இக்குறைப்பு நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

வரிச் சட்டங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வணிகரிடமிருந்து அம்மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாத நிலை முன்பு இருந்தது. 2008 இல் நியூயார்க் மாநிலம், அங்கு வாழும் தரகுத் தள உரிமையாளர்களே வணிகரின் இருப்புக்குச் சான்று எனக் கொண்டு வரி வசூலிக்கச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. இதனால் அமேசான் சில மாநிலங்களில் வாழ்வோரின் தரகுக் கணக்குகளை முடித்துக்கொண்டது. 2011 சூன் இறுதியில் கலிபோர்னியாவில் இவ்வாறு நடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அங்கு திட்டம் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில், எத்தவறும் செய்யாத சிறு தள உரிமையாளர்கள் தம் தரகை இழந்தனர். 2018 சூனில் சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வணிகருக்கு மாநிலத்தில் நேரடி இருப்பு தேவையில்லை எனத் தீர்ப்பளித்ததால் இச்சிக்கல் பெரிதும் மறைந்தது.

தேடுபொறி

வாசகரில் பெரும்பகுதியினர் தேடுபொறி வழியாகவே வருவதால், தேடல் முடிவின் வரிசை மாறும்போது வருமானமும் மாறும். 2011 பெப்ரவரியில் கூகுள் வெளியிட்ட பாண்டா எனப்படும் மாற்றம், உள்ளடக்கம் குறைந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2021 ஏப்ரலில் பொருள் மதிப்பீட்டுக் கட்டுரைகளுக்கென்றே தனி மாற்றம் வெளியிடப்பட்டது. பொருளை நேரில் கையாண்டதற்கான சான்று, சொந்தப் படம், அளவீடு ஆகியவை உள்ள கட்டுரைகளுக்கு முன்னுரிமை என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும் 2023 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் தம் வருகை பெருமளவு குறைந்ததாகச் சிறு தள உரிமையாளர் பலர் முறையிட்டனர். 2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் கூகுள் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடைகள் காட்டப்படுகின்றன. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், அவ்விடைக்கு மூலமான தளத்துக்கு வாசகர் செல்ல வேண்டிய தேவை குறைகிறது.

குக்கிக் கட்டுப்பாடு

தனியுரிமை கருதி உலாவிகள் குக்கிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் தரகுக் கணக்கைப் பாதிக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2017 முதல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்து, 2020 மார்ச்சில் பிற தளக் குக்கிகளை முற்றிலும் தடுத்தது. இதனால் இடைநிலை நிறுவனங்கள் விற்பனையை வணிகரின் வழங்கியிலிருந்தே நேரடியாகப் பதிவு செய்யும் முறைகளை நாடின.

மோசடிகள்

வாசகர் சொடுக்காமலேயே அவரது உலாவியில் குக்கியை நுழைத்து, அவர் தாமாகச் சென்று வாங்கும் பொருளுக்கும் தரகு பெறுவது குக்கித் திணிப்பு எனப்படுகிறது. இபே நிறுவனத்தின் தரகுத் திட்டத்தில் இவ்வாறு ஈடுபட்டதற்காக 2010 இல் அமெரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கு 2014 இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இம்மோசடியில் வாசகர் பணம் இழப்பதில்லை. வணிகரும், உண்மையில் வாசகரை அனுப்பிய மற்றொரு தளத்தின் உரிமையாளரும் இழக்கின்றனர். போலி மதிப்பீடுகளை எழுதுவதையும் விற்பதையும் தடை செய்யும் அமெரிக்க விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

எடுத்துக்காட்டுத் தளங்கள்

எண்முறை ஒளிப்படக் கருவிகளை மதிப்பிடும் டிபிரிவியூ என்னும் தளம், 1998 இல் பில் ஆஸ்கி என்பவரால் தொடங்கப்பட்டது. கருவிகளை ஒரே வகைச் சோதனைக்கு உட்படுத்தி விரிவாக எழுதியதால் அது உலகெங்கும் ஒளிப்பட ஆர்வலரிடையே புகழ்பெற்றது. 2007 இல் அமேசான் அதனை வாங்கியது. 2023 மார்ச்சில், தன் செலவுக் குறைப்பின் பகுதியாக, அத்தளத்தை மூடப்போவதாக அமேசான் அறிவித்தது. இருபத்தைந்து ஆண்டுக்கால மதிப்பீடுகள் அழியும் என்ற அச்சம் வாசகரிடையே எழுந்தது. அவ்வாண்டு சூனில் கியர் பேட்ரோல் என்னும் ஊடக நிறுவனம் தளத்தை வாங்கியதால் அது தொடர்ந்தது.

வயர்கட்டர் தளத்தை 2011 இல் பிரையன் லாம் தொடங்கினார். ஒவ்வொரு பொருள்வகையிலும் நீண்ட ஆய்வுக்குப் பின் ஒன்றை மட்டும் சிறந்ததெனப் பரிந்துரைத்து, விளம்பரத்தைவிடத் தரகையே முதன்மை வருமானமாகக் கொண்டது இத்தளம். 2016 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் இதனை 3 கோடி டாலருக்குச் சற்றுக் கூடுதலான தொகைக்கு வாங்கியது. தரகை முதன்மையாகக் கொண்ட தளமும் வாசகர் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

தமிழ்த் தளங்கள்

இணையத்தில் வருமானம் ஈட்டும் மற்றொரு வழியான தானியங்கி விளம்பரத்துக்கு, விளம்பர நிறுவனம் அம்மொழியை ஏற்க வேண்டும். கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018 பெப்ரவரியிலேயே தமிழை ஏற்றது. இணைப்புத் தரகுக்கு இத்தகைய மொழித் தடை இல்லை. வணிகர் வாசகரின் நாட்டுக்குப் பொருளை அனுப்பினால் போதும். அமேசான் 2013 சூனில் இந்தியாவில் தன் விற்பனைத் தளத்தைத் தொடங்கிய பின், இந்திய வாசகரை நோக்கி எழுதுவோருக்கு இவ்வழி எளிதாயிற்று. எனினும் ஒரு நாட்டுக் கடைக்கான இணைப்பால் வேறு நாட்டு வாசகருக்குப் பயன் குறைவு. தமிழகம், இலங்கை, சிங்கப்பூர், கனடா எனப் பரவியுள்ள தமிழ் வாசகருக்கு ஒரே இணைப்பு பொருந்துவதில்லை.

பிற நாட்டுப் பட்டியல்களை அப்படியே மொழிபெயர்ப்பதும் வாசகருக்குப் பயன் தராது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் வெப்பமண்டல மீன்களுக்குச் சூடேற்றியை இன்றியமையாததாகக் குறிப்பிடுகின்றன. அம்மீன்களிற் பலவற்றுக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 24 முதல் 27 பாகை செல்சியசு. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் தொட்டி நீர் தானாகவே அந்த அளவை எட்டும். கோடையில் அதனைத் தணிப்பதே அங்குள்ளோரின் சிக்கல். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு அருகில் வாழும் தொடக்கநிலையாளருக்கு வேண்டியது, சூடேற்றியை விட்டுவிட்டு நீர்ச் சோதனைக் கரைசலை வாங்கச் சொல்லும் கட்டுரையே. அக்கட்டுரைக்குக் கிடைக்கும் தரகு குறைவு. எழுதுபவர் அத்துறையை உண்மையில் அறிந்தவர் என்பது அதனால் விளங்கும்.

இவற்றையும் பார்க்க

* மின்வணிகம்
* இணைய விளம்பரம்
* தேடுபொறி உகப்பாக்கம்
* குக்கி
* நலமுரண்
* வண்ணமீன் வளர்ப்பு